இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில்

நாடகத்தின் நடுவில் நான் எழுந்து பேசிவிட்டேன். அதில்தான் எல்லாம் கெட்டது.

ஜன்னல் பக்கம் தள்ளிப் போங்கள் தம்பி. நடுவில் துண்டு கிடக்கிறதே, அந்த இடம் வேண்டாம். எட்டயபுரத்தில் ஆள் ஏறும். இந்தச் சாக்கில் இருப்பது குக்கர். காலால் இடிக்காதீர்கள். மூடியில் கைப்பிடி ஏற்கெனவே ஆட்டம்.

குக்கரை ஏன் தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று பார்க்கிறீர்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். கேட்டுத் தொலைத்தால் சொல்லிவிடலாம். பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி?

என் மகள் செண்பகவல்லி. மதுரையில் கணக்கு டீச்சர். முப்பத்தாறு வயது. சாயங்காலமானால் நாடகம். மேடை கிடையாது, திரை கிடையாது, மைக் கிடையாது. யாராவது ஒருத்தர் வீட்டு ஹால், மொட்டை மாடி, காலி குடோன். முப்பது பேர் தரையில் உட்காருவார்கள். பாதிப் பேர் தாடி வைத்திருப்பான்கள். ஜோல்னாப் பை வேறு. இதற்குப் பெயர் நவீன நாடகமாம். அதிலும் இது ஒரே ஆள் நாடகம். மற்ற ஆட்கள் எங்கே என்று கேட்டேன். "நீங்கதான் நெனச்சுக்கணும்பா" என்றாள். அதை வீட்டில் படுத்துக்கொண்டே நினைத்துக்கொள்ள மாட்டேனா?

நான் போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர். இருபத்து மூன்று வருஷம். கோவில்பட்டியில் செக்கர் சங்கரபாண்டியன் என்று கேட்டுப் பாருங்கள். ஏறினால் ஒரு ஆளையாவது பிடிக்காமல் இறங்க மாட்டேன். சொந்தம், தெரிந்தவன், போலீஸ்காரன் எல்லாம் எனக்கு ஒன்றுதான். என் பெண்டாட்டிக்கே ஃபைன் போட்டவன் நான்.

சிரிக்காதீர்கள். நிஜம். ஆவுடையம்மாள். போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், விளாத்திகுளத்துக்கு முந்தின விலக்கு ரோட்டில் நின்று வேம்பார் போகிற வண்டியை மறித்தேன். ஏறினால் மூன்றாவது சீட்டில் இவள். மடியில் பாப்பா, அஞ்சு வயசு. கையை நீட்டினேன். "டிக்கெட்?" என்றேன். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் இல்லை. ஃபைன் எழுதினேன். என் பையிலிருந்து நானே கட்டினேன். அதைக் கவனியுங்கள். நானே கட்டினேன். எதிரில் வந்த கோவில்பட்டி வண்டியை நிறுத்தி அதில் ஏற்றி அனுப்பினேன். டிக்கெட் போடாத கண்டக்டர் மேல் ரிப்போர்ட். பேட்ஜ் நம்பர் 1847. ஆறு மாசம் சஸ்பெண்ட் ஆனான். சட்டம் என்றால் சட்டம்.

டிப்போவில் அது பெரிய பேச்சு. ரிட்டயர் ஆன அன்று மேடையில் மேனேஜர் அதைத்தான் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆவுடை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

போன ஆவணியில் மகள் போன் பண்ணினாள். "அப்பா, அம்மாவப் பத்தி ஒரு நாடகம் பண்றேன். வந்து பாருங்க" என்றாள். அம்மாவின் குக்கரைக் கேட்டாள். கொடுத்தேன். என் பழைய காக்கிச் சட்டை ஒன்றைக் கேட்டாள். கொடுத்தேன். தரை துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மதுரையில் ஒரு வீட்டு ஹால். அதற்குள் வேறு ஊர்களில் பத்துத் தடவை போட்டாயிற்றாம். என்னை முதல் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார வைத்தார்கள். முட்டி செத்துப் போயிற்று. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் என் சட்டை. எதிரே அடுப்பு, குக்கர், ஒரு ஸ்டூல். மகள் ஆவுடையின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த நடை, அந்த இடுப்பில் சொருகுகிற விதம், எல்லாம் ஆவுடை. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவள் சட்டையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "குளிச்சாச்சா?" சட்டை பேசவில்லை. "இன்னைக்கு எந்த லைன்?" சட்டை பேசவில்லை. "பாப்பாவுக்குக் காய்ச்சல்." அதற்கும் பேசவில்லை. பின்னால் ஒருத்தன் சிரித்தான். என் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறான். திரும்பிப் பார்த்தேன், அடங்கிவிட்டான்.

நிஜமாகவே அரிசி களைந்து குக்கரை ஏற்றினாள். நாடகத்தின் பெயரே 'மூணு விசில்'. எங்கள் வீட்டில் மூணு விசில்தான் கணக்கு. நாலாவது வந்தால் சோறு குழையும், குழைந்தால் எனக்கு ஆகாது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

முதல் விசில் வந்ததும் அந்தக் காலையைச் சொன்னாள். நான் அவளை ஃபைன் போட்ட நாளின் காலை. அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை தம்பி. சோறு குழைந்திருந்தது. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன். அவ்வளவுதான். எந்த வீட்டில் நடக்கவில்லை? இதை முப்பது பேருக்கு முன்னால் நடித்துக் காட்டுகிறாள். தட்டை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நிற்பாள்? ஒரு பொம்பளைப் பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

இரண்டாவது விசில் வந்ததும் பஸ். ஸ்டூலில் உட்கார்ந்தாள். சட்டைக்கு முன்னால் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். "டிக்கெட் எங்கன்னு கேட்டீக. கேளுங்க. உங்க வேலை. இன்னொரு கேள்வி இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தீயைக் குறைத்து வைத்திருப்பதால் மூன்றாவது விசிலுக்கு நாலு நிமிஷம் ஆகும். நாலு நிமிஷமும் ஒரு பேச்சு கிடையாது. கூட்டமும் மூச்சு விடவில்லை. எல்லோரும் என் சட்டையையே பார்க்கிறார்கள். சட்டை குற்றவாளி மாதிரி தொங்குகிறது.

என்னால் முடியவில்லை. எழுந்தேன். "ஃபைனை நான்தான் கட்டினேன்! என் கைக்காசு! ரசீது இருக்கு!" என்றேன்.

அப்புறம் கை தட்டினான்கள் தம்பி. முப்பது பேரும். நானும் நாடகத்தில் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டான்கள். இந்த மாதிரி நாடகத்தில் கூட்டத்துக்குள்ளே ஆளை ஒளித்து வைப்பார்களாம். எனக்கென்ன தெரியும்? ஒரு தாடிக்காரன் கட்டிப் பிடித்து, "அய்யா, பின்னிட்டீங்க! எந்தக் குழு நீங்க?" என்றான். "போக்குவரத்துக் கழகம்" என்றேன். அதற்கும் சிரித்துக் கை தட்டினான்.

மகள் ஸ்டூலை விட்டு எழவில்லை. மூன்றாவது விசில் வந்தது. நாலாவது வந்தது. அஞ்சு, ஆறு. அவள் அணைக்கவே இல்லை. அடிப்பிடித்த வாசம் ஹால் முழுக்க. யாரோ ஓடிப் போய் அணைத்தார்கள்.

என்னிடம் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாலு ஊர் நாடகத்தையும் நிறுத்திவிட்டாள் என்று அவள் சிநேகிதி சொல்லித் தெரிந்துகொண்டேன். பத்து நாள் கழித்து நானே போன் பண்ணினேன்.

"நான் உண்மையத்தானம்மா சொன்னேன்" என்றேன்.

"அப்பா, அந்த நாலு நிமிஷத்துல யாராவது ஒருத்தர் கேக்கணும். எங்க போறன்னு. கேக்கலாம்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். அவங்களா கேக்கணும். பதினோரு தடவ போட்டாச்சு, ஒருத்தர்கூட கேக்கல. மரியாதையா வாய மூடிட்டு உக்காந்துருக்காங்க."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியாது. எனக்கே தெரியாதுப்பா. அன்னைக்கு அம்மா காலுல செருப்பு இல்ல. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. எங்க போனோம்னு கேட்டா அரிசி களையணும்னு எந்திரிச்சுப் போயிருவா. சாகுற வரைக்கும் சொல்லல." அப்புறம் சொன்னாள்: "நீங்க எந்திரிச்சப்போ, நீங்கதான் கேக்கப் போறீங்கன்னு நெனச்சுட்டேன்."

வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம். கோபம்தான். வேறென்ன? எங்கே போவாள், ஏதோ ஜவுளி எடுக்க விளாத்திகுளம் போயிருப்பாள். இதற்கு ஒரு நாடகமா? சாட்சி இருக்கிறது என்று தோன்றியது. அன்று அந்த வண்டியில் நான் கத்தினேனா, கையை ஓங்கினேனா, நானே ஃபைன் கட்டினேனா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறான். கண்டக்டர். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரசீது இருந்தது, ரிப்போர்ட் நகல் இருந்தது. பேட்ஜ் 1847. ஓய்வூதியர் சங்கத்தில் நம்பரைச் சொல்லிக் கேட்டேன். எட்டயபுரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே போனேன்.

வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். மெமோ எதும் பாக்கி இருக்கா?"

"சாட்சி சொல்லணும்."

"யாருக்கு எதிரா?"

"என் மகளுக்கு."

சிரித்தார். சிரித்து முடித்து, "அந்தம்மா நல்லாருக்காகளா?" என்றார்.

"போயிட்டா. ரெண்டு வருசம் ஆச்சு."

உரித்துக்கொண்டிருந்த கடலையை முறத்திலேயே போட்டுவிட்டார். நாடகத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டை, ஸ்டூல், நாலு நிமிஷம், எல்லாம். "எப்போ நாடகம்?" என்று மட்டும் கேட்டார். ஏன் டிக்கெட் போடவில்லை என்று அவரிடம் நான் அன்றைக்கும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது சாட்சி.

தையில் தூத்துக்குடியில் மறுபடி ஆரம்பித்தாள். ஒரு பழைய உப்பு குடோன். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன், 1847ஐக் கூட்டிக்கொண்டு. கடைசியில், சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். "முடியட்டும். முடிஞ்சதும் எந்திரிச்சு உள்ளதச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். சட்டைப் பையில் ரசீது.

அதே சேலை. அதே ஆணி. முதல் விசில். தட்டு. இரண்டாவது விசில். ஸ்டூல். "இன்னொரு கேள்வி இருக்குல்ல?" என்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. ரெண்டு போயிற்று. குடோனில் உப்பு வாடை. எங்கே எழுந்துவிடுவேனோ என்று இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு குரல். "எங்கம்மா போறீக?"

கண்டக்டர் குரல் தம்பி. பஸ்ஸில் கேட்கிற அதே குரல். பணிவுமில்லை, அதட்டலுமில்லை.

மகள் சட்டையை விட்டுத் திரும்பினாள். பதில் இல்லையே அவளிடம். பன்னிரண்டாவது நாடகத்தில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டுவிட்டார். அவள் அப்படியே ஆவுடையாகவே இருந்துகொண்டு, "அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்றாள். இவர் அன்றைய ஆள் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

அவர் உட்கார்ந்தபடியே சொன்னார். "பஸ்ஸு எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும்னு சொன்னீக. வேம்பார் போகும்மா, அங்க யாரு இருக்கான்னேன். யாருமில்லன்னீக. கையில பையில்ல, காசில்ல, காலுல செருப்பில்ல. மடியில இந்தப் பாப்பா. எனக்குப் பயமாப் போச்சு. டிக்கெட் வேணாம்மா, எறங்காம இப்படியே உக்காந்திருங்க, வண்டி திரும்பும்போது உங்கள உங்க ஊர்லயே எறக்கி விடுறேன்னேன். சரின்னீக. அப்புறம் விளாத்திகுளத்துக்கு முன்னாடி வண்டிய மறிச்சாக."

வேம்பாரில் எங்களுக்கு யாரும் கிடையாது தம்பி. சொந்தம் இல்லை, பழக்கம் இல்லை. வேம்பாரில் கடல்தான் இருக்கிறது.

மூன்றாவது விசில் வந்தது. மகள் எழுந்து போய் அணைத்தாள்.

யாரும் கை தட்டவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பையிலிருந்த ரசீதை எடுக்கவுமில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். கண்ணில் தூசி விழுகிறது.

வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டது ரெண்டே கேள்வி சார். அவுககிட்ட டிக்கெட் எங்கன்னு. என்கிட்ட பேட்ஜ் நம்பர் என்னன்னு."

"என்கொயரில சொல்லியிருக்கலாமே? தப்பிச்சிருப்பீங்களே."

"சொன்னா அந்தம்மா பேரு ஃபைல்ல ஏறியிருக்கும். டிப்போ பூராவும் வாசிப்பாக. ஆறு மாசந்தான சார். போயிருச்சு."

எனக்கு அப்போதும் ஒன்று தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "அப்போ நான்தான அவளத் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்? நான் மறிக்கலன்னா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எறக்கி விட்டீக சார். கூட்டிட்டு வரல" என்றார்.

சரிதான். எதிர்வண்டியில் ஏற்றிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். வீடு வரைக்கும் அவள் தனியாகத்தான் போனாள், பாப்பாவோடு. செருப்பில்லை என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சோறு இருந்தது. மூன்று விசில். சாப்பிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள் கேட்டிருக்கலாம். மேடையில் மேனேஜர் சொன்ன அன்றைக்காவது, பக்கத்தில் உட்கார்ந்து, ஆமா, அன்னைக்கு நீ எங்க போயிட்டிருந்த என்று.

கேட்கவில்லை. இனிமேல் யாரிடம் கேட்க?

உள்ளே மகள் குக்கரைத் திறந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டுவிட்டால் கூட்டத்துக்குச் சோறு போடுவது என்று முதல் நாளே நினைத்து வைத்திருந்தாளாம். அன்றுதான் அது நடந்தது. ஆளுக்கு ஒரு கை. முதல் தட்டு 1847க்கு. கடைசித் தட்டு எனக்கு. அதில் கரண்டியில் கொஞ்சம் கூடவே வைத்தாள்.

குழைந்திருந்தது.

"மூணு விசில்தான வந்துச்சு?" என்றேன்.

"புது அரிசிப்பா. எத்தன விசில் விட்டாலும் குழையத்தான் செய்யும்" என்றாள்.

எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. தையில் வருகிற அரிசி அப்படித்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கும் தை மாசம்தான், ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது. ஆவுடை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். புது அரிசிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தாளோ என்னவோ. நான் கையைக் கழுவிவிட்டேன்.

தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "குக்கர் இனிமே உங்க பொறுப்பு. ஷோ இருக்குற ஊருக்கு நீங்கதான் கொண்டு வரணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டேன். சட்டை அவளிடம் இருக்கிறது. தொங்கட்டும். தொங்க வேண்டிய சட்டைதான்.

இன்றைக்கும் அதே உப்பு குடோன். இன்று யாராவது கேட்பார்களா, தெரியாது. அவர் இனிமேல் கேட்க மாட்டாராம். "நான் ஒரு தடவ கேட்டாச்சு. இனி வேற யாராச்சும் கேக்கணும்" என்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார். என் வாயில் வருமா என்று பார்க்கிறேன். வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு வார்த்தைதான். சுவரைப் பார்த்துச் சொன்னாலே பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

எட்டயபுரம் வந்துவிட்டது. துண்டை எடுங்கள். குக்கரைக் கொஞ்சம் பிடியுங்கள்.

அவர் பெயர் என்ன என்றா கேட்டீர்கள்? பரவாயில்லை, கேட்டீர்களே. ரிப்போர்ட்டில் நானே என் கையால் எழுதிய பெயர். அப்புறம் முப்பத்தொரு வருஷம் நம்பராகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டில் நான் கேட்காததை என் வீட்டுக்காரியிடம் கேட்ட ஒரே மனுஷன். என் மகளுக்குப் பதில் கொண்டு வந்து கொடுத்தவர். அதோ, முன்படியில் ஏறுகிறார், நீலச் சட்டை.

"இங்க வாங்க! எடம் போட்டிருக்கேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. வாங்க லூர்துசாமி."